ஒரு விளக்கு, ஒரு முக்காலி: இராமநாதபுரம் கடற்கரையில் ஸ்டூடியோ உருவப்படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

கீழக்கரையிலோ உச்சிப்புளியிலோ தொண்டியிலோ கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஆட்களை உட்கார வைத்துப் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்று நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஸ்டூடியோ வைத்திருந்து, கல்யாண வேலைகளுக்கு நடுவே இந்தப் பக்கத்தைக் கவனிக்காமல் விட்டவருக்கும் பயன்படும். கல்யாணத்தை நாலு பேர் கேமராவோடு போய்ச் சமாளித்துவிடலாம். ஒற்றை ஆளை முக்காலியில் உட்கார வைத்து, அவர் முகம் அவர் முகமாகவே வரும்படி எடுப்பதில்தான் வேலை தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும்.

நம்மிடம் வரும் முகங்களில் பாதிக்கு மேல் வெயிலில் வெந்தவை. பாம்பனில் வலை இழுப்பவர், வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருபவர், சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண், சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி. இணையத்தில் குவிந்து கிடக்கும் பாடங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றிவிட்டு முகம் மங்கலாக வந்ததும், 'ஆள் கறுப்பு, அதனால்தான்' என்று கணினியில் வெளுக்க வைத்துக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பழுது ஆளின் நிறத்தில் இல்லை. விளக்கை நிறுத்திய இடத்தில் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து வருபவைதான்.

அறையும் சுவரும்

பத்தடி அகலமும் பதினாறடி நீளமும் இருந்தால் போதும். பின்திரையிலிருந்து முக்காலிக்கு நாலைந்து அடி, முக்காலியிலிருந்து கேமராவுக்கு ஆறேழு அடி, கேமராவுக்குப் பின்னால் நீங்கள் நிற்கவும் நகரவும் மூன்றடி. முக்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுவது பழைய பழக்கம். அப்படிப் போட்டால் தலையின் நிழல் திரையில் கறுப்பாக விழும், திரையின் சுருக்கங்களும் தெளிவாகத் தெரியும். திரையை விட்டு ஆள் தள்ளி வந்தாலே இரண்டு குறையும் பாதி தீர்ந்துவிடும்.

நம் ஊர்க் கடைகளின் சுவர் பெரும்பாலும் இளம்பச்சை, ரோஸ் அல்லது வான நீலம். ஃபிளாஷ் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்போது அந்த நிறத்தையும் கொண்டுவந்து கன்னத்தில் பூசும். பச்சைச் சுவர் அறையில் எடுத்த முகம் காமாலை கண்டதுபோல் தெரிவது இதனால்தான். கூரை உட்பட எல்லாவற்றுக்கும் பளபளப்பில்லாத வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் அடித்துவிடுங்கள். வெள்ளையடித்த சின்ன அறைக்கு ஒரு தொந்தரவு உண்டு. வெளிச்சம் எல்லாப் பக்கமும் தெறித்து நிழலே இல்லாமல் செய்துவிடும். முகத்துக்கு நிழல் வேண்டிய பக்கத்தில் கறுப்புத் துணி ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டால் அது சரியாகும். கறுப்புப் பருத்தித் துணி ஐந்து மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பல வேலைக்கு உதவும்.

பின்திரைக்குச் சாம்பல் நிறம் ஒன்று, வெள்ளை ஒன்று. வேறு எதுவும் தொடக்கத்தில் வேண்டாம். நீர்வீழ்ச்சியும் தாஜ்மகாலும் அச்சடித்த ஃபிளெக்ஸ் திரைகளை வாடிக்கையாளர் கேட்பார்கள். கேட்பவருக்குத் தனியாக எடுத்துக் கொடுங்கள், சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் ஃபிளெக்ஸ் பளபளக்கும், விளக்கு அதில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதை மட்டும் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்துக் கட்டுங்கள்.

சன்னல்: பாடம் இங்கே பொருந்தாத இடம்

விளக்கு வாங்கப் பணம் சேரும்வரை சன்னல் வெளிச்சத்திலேயே நல்ல படங்கள் எடுக்கலாம். மின்சாரம் போன நேரத்திலும் இதுதான் கை கொடுக்கும். சன்னல் வடக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்று எல்லாப் பாடங்களும் சொல்லும். வடக்குச் சன்னலில் வெயில் நேராக விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக வரும் என்பது காரணம். ஐரோப்பாவில் அது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் சரி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில். இங்கே கணக்கு மாறுகிறது.

மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை சூரியன் நேர்கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி உதித்து, நேர்மேற்கிலிருந்து வடக்கே தள்ளி மறைகிறது. அதிலும் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்டு கடைசி வரை உச்சிவேளையிலும் அது நம் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து வடக்கே சுமார் 14 பாகை சாய்ந்திருக்கும். ஆகவே அந்த நாலரை மாதம் நம் ஊரில் வெயிலே நுழையாத சன்னல் தெற்குச் சன்னல். அக்டோபர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை வடக்குச் சன்னல். இடைப்பட்ட சில வாரங்களில் இரண்டிலும் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அப்போது நாலு முழ வெள்ளை வேட்டி ஒன்றைச் சன்னலில் இழுத்துக் கட்டிவிட்டால் போதும்.

வாடகைக்கு அறை பார்க்கும்போது வடக்கிலும் தெற்கிலும் சன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகுக்காரர்கள் கரையில் இருக்கும் காலம், வீட்டோடு வந்து படம் எடுக்கத் தோதான காலம். அந்த இரண்டு மாதமும் உங்கள் தெற்குச் சன்னல் வேலை செய்யும்.

ஆளைச் சன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தாதீர்கள். சன்னலிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி, சன்னல் அவருடைய ஒரு தோள் பக்கம் வரும்படி உட்கார வையுங்கள். மறுபக்கம் தெர்மாகோல் அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் பக்கம் தெளியும். அட்டையை அருகே கொண்டுவந்தால் நிழல் குறையும், தள்ளினால் கூடும்.

விளக்கு

ஒன்றே ஒன்று வாங்குங்கள். 300 வாட் என்று கடையில் சொல்லும் ஸ்டூடியோ ஃபிளாஷ், 90 முதல் 120 சென்டிமீட்டர் அளவுள்ள சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி), கனமான ஸ்டாண்ட், கேமரா சொன்னதும் ஃபிளாஷை அடிக்க வைக்கும் ட்ரிகர். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டுங்கள். மணலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. சீமைச் சரக்கு வேண்டும் என்று அலையாதீர்கள், உள்ளூரில் பழுது பார்க்க ஆள் கிடைக்கும் பொருளை வாங்குங்கள்.

எல்இடி விளக்கு போதாதா என்று கேட்பார்கள். ஃபிளாஷ் அளவுக்கு வெளிச்சம் தரும் எல்இடி கண்ணைக் கூச வைக்கும். நாள் முழுக்கக் கடல்மேல் வெயில் மினுக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் சுருங்கிப்போனவரை அந்த விளக்கின் முன் உட்கார வைத்தால் படத்தில் கண்ணே இருக்காது. ஃபிளாஷ் ஒரு நொடியில் வந்து போய்விடும். வீடியோவும் எடுக்க வேண்டும் என்றால் மட்டும் எல்இடி வாங்குங்கள். அப்போது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் நிறக் குறியீடு (CRI) 95க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். மலிவான விளக்கில் தோலின் செம்மை செத்துவிடும்.

கேமராவில் வைக்க வேண்டியவை

எந்த நிறுவனத்துக் கேமராவானாலும் பரவாயில்லை. லென்ஸ்தான் முக்கியம். முழு அளவு சென்சார் என்றால் 85 மி.மீ., சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 50 மி.மீ. இந்த 50 மி.மீ. லென்ஸ்தான் சந்தையில் மிகவும் மலிவானது என்பது நம் அதிர்ஷ்டம். அதைவிட அகலமான லென்ஸை வைத்துக்கொண்டு முகத்துக்கு அருகே போனால் மூக்கு பெருக்கும், காது பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இது லென்ஸின் குற்றம் என்று நினைக்கிறோம், உண்மையில் தூரத்தின் குற்றம். ஆளிலிருந்து ஐந்தடிக்குக் குறைவாக நெருங்காமல் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/160 நொடி, லென்ஸின் துளை எஃப் 8. பெரும்பாலான கேமராக்களில் 1/160 முதல் 1/250 வரைதான் ஃபிளாஷோடு ஷட்டர் ஒத்துப்போகும். அதைத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், 5500 கெல்வின் என்று நிறுத்திவிடுங்கள். சிவப்புப் பட்டுப் புடவையைப் பார்த்ததும் ஆட்டோ தடுமாறி முகத்தை நீலமாக்கும். கோப்பு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) வடிவில் இருக்கட்டும்.

இப்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். வந்தால், அறையின் குழல்விளக்கும் சன்னலும் படத்தில் கலக்கவில்லை என்று பொருள். ஏதாவது தெரிந்தால் சன்னலை மூடுங்கள். பிறகு ஃபிளாஷைப் போட்டு, முக்காலியில் வெளிச்சம் அளப்பதற்கான சாம்பல் அட்டையை வைத்து எடுத்து, கேமரா திரையில் தெரியும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு நடுவில் வரும்வரை ஃபிளாஷின் வலிமையைக் கூட்டிக் குறையுங்கள். அட்டைக்குச் சரியானது எந்த முகத்துக்கும் சரி, வெளுத்தவருக்கும் கறுத்தவருக்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா தான் பார்ப்பதையெல்லாம் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகம் சட்டத்தை நிறைத்தால் ஏற்றி எடுக்கும், வெள்ளைச் சட்டை நிறைத்தால் இறக்கி எடுக்கும். ஆள் மாற மாற நிறம் மாறும் குழப்பமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

விளக்கை எங்கே நிறுத்துவது

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சாஃப்ட்பாக்ஸின் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் அது முகத்துக்கு இருக்கட்டும். 90 சென்டிமீட்டர் பெட்டி என்றால் மூன்றடி. புதியவர்கள் பயந்துகொண்டு ஏழடி, எட்டடி தள்ளி வைப்பார்கள். தள்ளினால் வெளிச்சம் மென்மையாகும் என்பது தவறான எண்ணம். தள்ளத் தள்ளப் பெட்டி முகத்துக்குச் சிறிதாகத் தெரியும், நிழலின் விளிம்பு கத்தியாகும். அருகே கொண்டுவந்தால்தான் மென்மை.

மூக்குக்கு நேரிலிருந்து 45 பாகை பக்கவாட்டில் தொடங்குங்கள். பெட்டியின் நடு, கண்ணுக்குச் சற்று மேலே. பெட்டி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். மூக்கின் நிழல் கன்னத்தில் சிறிதாக, உதட்டைத் தொடாமல் விழ வேண்டும். கருவிழியில் விளக்கின் புள்ளி மேல்பக்கத்தில், கடிகாரத்தில் பத்து மணியிலோ இரண்டு மணியிலோ இருக்கும் இடத்தில் தெரிய வேண்டும். இரண்டு கண்ணிலும் புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொரு படத்திலும் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி இல்லாத கண் உயிரில்லாமல் தெரியும்.

வயதானவர்களுக்கும் புருவ எலும்பு முன்தள்ளியவர்களுக்கும் கண் குழிக்குள் இருக்கும். மேலிருந்து வரும் வெளிச்சம் அங்கே நுழையாது. விளக்கை ஒரு சாண் இறக்குங்கள், மடியில் தெர்மாகோல் துண்டு ஒன்றை வையுங்கள். கண்ணாடி அணிந்தவருக்கு நேர்மாறு: விளக்கை ஏற்றுங்கள், கண்ணாடியின் காதுக் கொக்கியை ஒரு நெல் அளவு உயர்த்தினால் கண்ணாடி கொஞ்சம் கீழ்நோக்கும், பெட்டியின் பிரதிபலிப்பு மறையும்.

இனி கறுத்த தோல். வெளுத்த முகத்தின் அமைப்பை நிழல் காட்டுகிறது. கறுத்த முகத்தின் அமைப்பை மினுமினுப்பு காட்டுகிறது. கன்ன எலும்பின் மேலும் மூக்குத் தண்டிலும் நெற்றி வளைவிலும் ஓடும் அந்த மெல்லிய ஒளிக்கோடுதான் முகத்தை முகமாக்குகிறது. அதை அழிக்கக்கூடாது, அகலமாகவும் மென்மையாகவும் ஆக்க வேண்டும். அதற்குப் பெரிய பெட்டி, அருகில், 45 பாகையிலிருந்து இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுக்கு, 60 பாகை வரை. நேர் முன்னாலிருந்து அடித்தால் கறுத்த முகம் தட்டையாகிவிடும், நெற்றியில் வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும். நிழல் பக்கத்தில் தெர்மாகோல் அட்டையை ஒன்றரை அடி நெருக்கத்தில் நிறுத்துங்கள். அந்த அட்டையின் பிரதிபலிப்பே தாடையோரத்தில் இரண்டாவது ஒளிக்கோடாக விழும். விளக்கின் வலிமையை ஏற்றி யாரும் இதைப் பெற முடியாது.

தலைமுடி கறுப்பு, திரையும் இருட்டு என்றால் தலை திரையில் கரைந்துபோகும். இதற்கென்று இரண்டாவது விளக்கு வாங்கச் சொல்லமாட்டேன். சாம்பல் திரையை ஓரடி நெருக்கி வைத்தால் அதன்மேல் விழும் வெளிச்சம் கூடும், தலை தனியே தெரியும். எண்ணெய் தேய்த்து வாரிய தலையில் பெட்டியின் ஒளி தானாகவே மேலே ஒரு பட்டை போடும்.

பவுடர் பற்றி ஒரு வார்த்தை. முக்காலியில் உட்காருவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று பவுடர் போடுவது நம் ஊரில் சடங்கு. ஃபிளாஷில் அந்தப் பவுடர் கறுத்த முகத்தைச் சாம்பல் பூசியதுபோலக் காட்டும், கழுத்து வேறு நிறமாக நிற்கும். வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும். நனைத்துப் பிழிந்த துண்டைக் கையில் கொடுத்து, 'வெளியிலிருந்து வந்திருக்கிறீர்கள், ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள், வியர்வை அடங்கட்டும்' என்று சொல்லுங்கள். பவுடரும் போய்விடும், மரியாதையும் மிஞ்சும். மூக்கின் மேல் எண்ணெய் மினுங்கினால் டிஷ்யூ தாளால் ஒற்றினால் போதும், தேய்க்க வேண்டாம்.

வெள்ளைச் சட்டையும் கறுத்த முகமும்

இராமநாதபுரத்து ஆண்களில் பெரும்பாலானவர் படத்துக்கு அணிந்து வருவது வெள்ளைச் சட்டைதான். நன்றாகக் கறுத்த முகத்துக்கும் சலவை வெள்ளைக்கும் மூன்று ஸ்டாப் வரை வித்தியாசம் வரும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). முகத்துக்குப் பார்த்தால் சட்டை வெந்து மடிப்பெல்லாம் மறைந்துபோகும். சட்டைக்குப் பார்த்தால் முகம் இருண்டுவிடும்.

முதல் வழி, விளக்கைச் சட்டையிலிருந்து திருப்புவது. பெட்டியை ஒரு முழம் ஏற்றி, அதன் நடு ஆளின் மார்பைப் பார்க்காமல் அவருக்கு முன்னால் உள்ள வெறும் இடத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். முகத்தில் பெட்டியின் ஓர வெளிச்சம் மட்டும் விழும். சட்டைக்கு அதுவும் குறையும். இரண்டாவது வழி, பெட்டியின் கீழ் விளிம்பில் கறுப்புச் சார்ட் அட்டையை ஒரு சாண் தொங்கவிட்டு மார்பில் மட்டும் நிழல் விழச் செய்வது. அட்டையைப் பெட்டியோடு ஒட்டி வைத்தால் நிழலின் விளிம்பு தெரியாது. மூன்றாவது, சட்டையின் நூல் கடைசியாகத் தெரியும் அளவுக்கு ஃபிளாஷை நிறுத்திவிட்டு, ரா கோப்பில் முகத்தை அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் ஏற்றுவது. இன்றைய சென்சார்கள் அதைத் தாங்கும். வெந்துபோன வெள்ளையை மீட்கவே முடியாது. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துச் செய்தால் வேலை சுத்தமாக இருக்கும்.

கீழக்கரைப் பக்கத்து மூத்த பெண்கள் வெள்ளைத் துப்பட்டியோடு வந்தாலும் இதே முறைதான். துணி முகத்தைச் சுற்றி இருப்பதால் அதுவே நல்ல பிரதிபலிப்பு அட்டையாக வேலை செய்யும். தெர்மாகோலை எடுத்துவிடலாம்.

உட்கார வைப்பது

சாய்வு இல்லாத முக்காலி வேண்டும். நாற்காலியில் சாய்ந்தால் தோள் சரியும், வயிறு முன்னால் வரும். முக்காலியை விளக்குப் பக்கத்திலிருந்து கொஞ்சம் விலக்கித் திருப்பி, உடம்பு ஒரு பக்கம் பார்க்க, முகம் கேமராவுக்குத் திரும்பும்படி செய்யுங்கள். 'கழுத்தை ஓர் அங்குலம் முன்னால் நீட்டுங்கள், இப்போது தாடையைச் சற்று இறக்குங்கள்' என்று சொல்லுங்கள். செய்பவருக்குக் கோணலாகத் தோன்றும், படத்தில் தாடைக்கோடு தெளிவாக வரும். கேமரா கண்ணின் உயரத்தில் இருக்கட்டும்.

எல்லோரையும் இப்படித் திருப்ப வேண்டும் என்பதில்லை. எழுபதைத் தாண்டிய அப்பத்தா ஒருவர் வந்து, கால்களைச் சேர்த்து, இரண்டு கையையும் முட்டியில் வைத்து, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தால் அப்படியே விடுங்கள். அது பழைய ஸ்டூடியோக்கள் பழக்கிவிட்ட கம்பீரம். அதைக் கலைத்து, 'சிரியுங்கள் ஆத்தா' என்று நச்சரித்தால் பொக்கை வாயை மூட அவர் படும் பாடுதான் படத்தில் வரும். இந்தப் படத்தை எதற்காக எடுக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும், கூட வந்த மகனுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நீங்களும் கேட்க வேண்டாம். நேர் பார்வையில் இரண்டு, கொஞ்சம் திரும்பி இரண்டு, இடுப்பளவில் இரண்டு என்று கூடுதலாக எடுத்து வையுங்கள்.

கண் சுருங்கியவர்களுக்கு ஒரு வழி உண்டு. 'கண்ணை மூடுங்கள், மூச்சை விடுங்கள், நான் மூன்று என்றதும் திறங்கள்' என்று சொல்லி, திறந்த மறுகணம் அழுத்துங்கள். கண் விரிந்து, நெற்றி தளர்ந்து வரும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வாழ்ந்தவர்களின் வெள்ளை விழியில் சிறு சதை வளர்ந்திருப்பது உண்டு. அந்தப் பக்கத்தை விளக்குக்கு எதிர்ப்பக்கமாக வைத்தால் அது கண்ணில் உறுத்தாது.

பேச்சு கொடுங்கள். வேலை என்ன, பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் ரேஷன் கடைக் கேள்விகள். கடல்காரரிடம், 'கச்சான் காற்று அடங்கிவிட்டதா அண்ணே, தென்கடலில் மீன்பாடு எப்படி?' என்று கேளுங்கள். பதில் சொல்ல வாயெடுக்கும் முன் அவர் ஒரு நொடி யோசிப்பார். அந்த நொடியில் வரும் முகம் நீங்கள் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசாமல், ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று பேசினால் இது எளிது.

பெண்கள் தனியாகவோ முக்காடு எடுத்தோ படம் எடுத்துக்கொள்ள வந்தால், அறைக்குள் பெண் உதவியாளர் இருக்க வேண்டும், கதவுக்குத் திரை வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் லாத்தாமார் (முஸ்லிம் அக்காமார்) ஒரு ஸ்டூடியோவுக்குத் தொடர்ந்து வருகிறார்கள் என்றால் படத்தின் தரத்தைவிட இந்த நம்பிக்கைதான் காரணமாக இருக்கும். பெண்ணே கேமரா பிடிக்கும் ஸ்டூடியோவுக்கு இந்தக் கரையில் வேலை குறையாது. எழுத்தில் சம்மதம் இல்லாமல் யாருடைய படத்தையும் ஷோகேஸில் மாட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் விளம்பரமாகவும் போடாதீர்கள். ஆண்களின் படத்துக்கும் இதுவே சட்டம்.

குடும்பப் படம்

ஒற்றை ஆளுக்கு வைத்த மூன்றடி தூரம் இங்கே உதவாது. விளக்கின் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். விளக்கு முதல் ஆளுக்கு ஒரு மீட்டரிலும் கடைசி ஆளுக்கு இரண்டு மீட்டரிலும் இருந்தால் வாப்பா வெளுத்து, ஓரத்தில் நிற்கும் மருமகன் இருண்டு போவார். அதே விளக்கை மூன்று மீட்டர் தள்ளினால் முதல் ஆளுக்கு மூன்று, கடைசி ஆளுக்கு நாலு. வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கும் குறைவு, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. வலிமையை ஏற்றிக்கொள்ளுங்கள், பெட்டியைக் கேமராவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து உயர்த்துங்கள்.

இரண்டு வரிசை என்றால் பின்வரிசையின் மார்பு முன்வரிசையின் முதுகைத் தொடும்படி நெருக்குங்கள். துளையை எஃப் 11 ஆக்குங்கள். ஃபோகஸ் முன்வரிசையின் கண்ணில். குழந்தை இருந்தால் எல்லோரையும் ஒழுங்குபடுத்தி முடித்தபிறகு கடைசியாகக் குழந்தையை மடியில் வையுங்கள். 'எல்லோரும் கேமராவைப் பாருங்கள், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் குழந்தை மட்டும் நேராகப் பார்க்கும், மற்ற எல்லோரும் குழந்தையைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

விசாப் படம்

வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்கள் நிறைந்த கரை என்பதால் இது அன்றாடக் கஞ்சி. இங்கே கலைக்கு வேலையில்லை. விளக்கை 45 பாகையிலிருந்து எடுத்துக் கேமராவுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள், மடியில் தெர்மாகோல், முகத்தின் இரு பக்கமும் சம வெளிச்சம். திரை வெள்ளை, அதில் நிழல் கூடாது. வாய் மூடி, நேர் பார்வை.

பல நாடுகள் கேட்பது 35க்கு 45 மி.மீ., 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 413க்கு 531 பிக்சல். அமெரிக்க விசாவுக்கு 51 மி.மீ. சதுரம், 2016 நவம்பர் முதல் மூக்குக் கண்ணாடி அணிந்த படத்தை அவர்கள் ஏற்பதில்லை. நம் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குப் பெரியவர்களின் படத்தைச் சேவை மையத்திலேயே எடுத்துவிடுகிறார்கள், அதற்கென்று வருபவரிடம் காசு வாங்காமல் உண்மையைச் சொல்லி அனுப்புங்கள். நாட்டுக்கு நாடு அளவும் முகத்தின் விகிதமும் மாறும். வருபவரின் கையில் உள்ள அறிவிப்பை வாங்கிப் படித்துவிட்டு எடுங்கள். இந்தப் படங்களில் தோலைத் தொடவே கூடாது. முகத்தை இயந்திரம் ஒப்பிடுகிறது, வழவழப்பாக்கிய முகத்தை அது தள்ளிவிட்டால் நஷ்டம் அவருக்கு.

கணினியில்

பரு போகட்டும், மச்சம் இருக்கட்டும். அடுத்த மாதம் மறைந்துவிடும் எதையும் நீக்கலாம், ஆயுளுக்கும் இருக்கப்போகும் எதையும் கேட்காமல் தொடக்கூடாது. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதிய மச்சத்தை அழித்துக் கொடுத்த ஸ்டூடியோக்கள் உண்டு.

தலையில் துண்டு கட்டிப் பழகியவரின் நெற்றி கன்னத்தைவிட ஒரு படி வெளுத்திருக்கும். படத்தில் அது நெற்றிமேல் கோடாக நிற்கும். அந்த மேல்பகுதியை மட்டும் கொஞ்சம் இறக்கிச் சமன் செய்யுங்கள். கவனியுங்கள், கன்னத்தை ஏற்ற வேண்டாம்.

'தம்பி, கொஞ்சம் கலர் ஏற்றிக் கொடுங்கள்' என்ற கோரிக்கை நாள்தோறும் வரும், பெண் பார்க்கும் படத்துக்கு நிச்சயம் வரும். என் முறை இது: சரியான வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் தொடாமல் ஒன்றும், அவர் கேட்டபடி வெளுக்க வைத்து ஒன்றும் சின்ன அளவில் அச்சிட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். பேசமாட்டேன். பெரும்பாலும் அம்மா ஒருவர்தான் முதலில் கையை நீட்டி முதல் படத்தை எடுப்பார். வெளுத்ததைத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வேலையை நான் செய்து கொடுப்பதில்லை. பொய் நிறத்தைப் பார்த்து நிச்சயமான சம்பந்தத்தில் அந்தப் பெண் படப்போகும் பேச்சுக்கு என் அறையும் காரணமாக வேண்டாம்.

அச்சும் கண்ணாடியும்

லேபுக்கு அனுப்பும் கோப்பு எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறமுறையில், 300 டிபிஐ. 8க்கு 12 அங்குலம் என்றால் 2400க்கு 3600 பிக்சல். கறுத்த முகத்துக்கு மேட் காகிதம் நல்லது. பளபளப்பில் கறுப்பு ஆழமாகத் தெரியும், ஆனால் சுவரில் மாட்டியதும் எதிர்ச் சன்னல்தான் முகத்தில் தெரியும்.

கடற்கரை வீடுகளில் சட்டம் போட்ட படம் சில மழைக்காலங்களில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கண்ணாடியில் வந்துவிடும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே சுற்றிலும் மவுண்ட் அட்டை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். செலவு சொற்பம். சட்டத்தின் பின்புறத்தை டேப்பால் ஒட்டி அடைக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கு இதை விளக்கிச் சொன்னால் அடுத்த வீட்டுக்காரரையும் அழைத்து வருவார்.

உப்பும் பூஞ்சையும்

லென்ஸில் பூஞ்சை வருவது இங்கே எப்போது என்ற கேள்விதான், வருமா என்ற கேள்வியில்லை. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பத மானி. ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். தோல் உறைக்குள்ளோ பீரோவில் துணிகளுக்கு நடுவிலோ கேமராவை வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதைவிடச் சொகுசான வீடு கிடையாது.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் பூக்கும். பையோடு பதினைந்து இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். ட்ரிகர் மாட்டும் இடத்திலுள்ள உலோகத் தொடுமுனைகளை வாரம் ஒருமுறை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஃபிளாஷ் அடிக்கடி அடிக்காமல் போனால் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் அங்கேதான் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டாண்டின் திருகுகளுக்குத் துளி எண்ணெய் விடுங்கள்.

கோப்புகளைத் தேதியோடு ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். சில ஆண்டு கழித்து அதே வீட்டிலிருந்து யாராவது அவசரமாக வந்து பெரிய அளவில் ஒரு படம் கேட்பார்கள், அப்போது தேதி யாருக்கும் நினைவிருக்காது. ஹார்டு டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்று ஸ்டூடியோவில், மற்றொன்று வீட்டில். ஸ்டூடியோ தாழ்வான தெருவில் இருந்தால், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே அங்கே உள்ளதைத் தரையிலிருந்து எடுத்துப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.